பம்ப் எப்போது டர்பைன் ஆகும்?

செட்டிநாட்டில் வருஷம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. ஊருணி, கண்மாய், போர்வெல், அவ்வளவுதான். ஆனாலும் நீர்மின் டர்பைன் இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறது. தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு பழுதான போர்வெல்லில் கரண்ட் போனால், குழாயில் நிற்கும் தண்ணீர் மளமளவென்று இறங்கி பம்ப்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரைப் பின்பக்கமாகச் சுற்றிவிடும். உடனே மோட்டாரைப் போடாதீர்கள் என்று மெக்கானிக் சொல்வது இதனால்தான். அந்தச் சில நொடிகளுக்கு உங்கள் பம்ப் ஒரு டர்பைன்.

கோவை மாவட்டத்துக் காடம்பாறை மின்நிலையம் இதையே திட்டமிட்டுச் செய்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றுகிறது, தேவைப்படும்போது அதே ரன்னர் (ப்ளேடுகள் கொண்ட சுழலும் சக்கரம்) வழியாக இறக்குகிறது. அங்கே 100 மெகாவாட் எந்திரங்கள் நான்கு. ஒன்றில் திறன் 1 சதவீதம் கூடினாலே மணிக்கு 1000 யூனிட் லாபம்.

சிக்கல் ப்ளேடில் இருக்கிறது. டர்பைனாகச் சுற்றும்போது ப்ளேடுகளுக்கு இடையே தண்ணீர் வேகம் பிடித்து ஓடுகிறது; வளைவு கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தாலும் ஒட்டிக்கொண்டே போகும். பம்ப்பாகும்போது அங்கே அது வேகம் குறைந்து அழுத்தம் ஏறுகிறது. வளைவு திடுமென்று திரும்பினால் பரப்பை விட்டு விலகிச் சுழல ஆரம்பித்துவிடும். அதனால்தான் இரண்டு வேலையும் பார்க்கும் ரன்னரில் ப்ளேடுகள் குறைவு, நீளம் அதிகம்.

எவ்வளவு நீளம், என்ன கோணம்? இங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது. தண்ணீர் ஓடும் இடம் முழுவதையும் லட்சக்கணக்கான சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வேகமும் அழுத்தமும் என்ன என்று திரவ ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். எங்கே அழுத்தம் சரிகிறது என்பது படமாகவே தெரியும். காற்றழுத்தத்தில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குக்கு இறங்கினால், 25 டிகிரித் தண்ணீரே கொதித்துக் குமிழி விடும். அந்தக் குமிழிகள் உடையும்போது எஃகில் குழி விழுகிறது, இதுதான் கேவிட்டேஷன்.

சரி, வடிவத்தைத் தீர்மானிக்க 20 அளவுகள், ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்புகள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஏறத்தாழ 95 லட்சம் கோடி ரன்னர்கள்! ஒன்றைக் கணக்கிடவே மணிக்கணக்கில் ஆகும். அதனால் தேர்ந்தெடுத்த சில நூறு வடிவங்களை மட்டும் முழுதாகக் கணக்கிட்டு, அவற்றிலிருந்து சட்டென்று பதில் சொல்லும் ஒரு தோராயக் கணக்கைக் கட்டுகிறார்கள். ஜெனடிக் அல்காரிதம் என்ற தேடல் முறை அதன் மேல் தேடுகிறது: நல்லவற்றைக் கலந்து, கொஞ்சம் மாற்றி, மோசமானதைத் தள்ளி. தேறியவற்றை மறுபடி முழுக் கணக்குக்கு அனுப்ப வேண்டும், தோராயக் கணக்கு ஏமாற்றியிருக்கலாம்.

கடைசியில் மிஞ்சுவது ஒரு ரன்னர் அல்ல, ஒரு வரிசை. ஒன்று பம்ப்பாகச் சிறந்தது, இன்னொன்று டர்பைனாக, மற்றொன்றில் கேவிட்டேஷன் குறைவு. எதை எடுப்பது என்று கம்ப்யூட்டர் சொல்லாது. நிலையம் எத்தனை மணி நேரம் எந்தச் சுமையில் ஓடும் என்று தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். என் பார்வையில் முழு வேலையிலும் கடினமான இடம் இதுதான்.

முழுச் சுமைக்கு மட்டும் பார்த்து வடிவமைத்தால் குறைந்த சுமையில் வினை வரும். ரன்னரைத் தாண்டிய தண்ணீர், அது வெளியேறும் குழாயான டிராஃப்ட் டியூபில் கயிறு முறுக்கியதுபோல் சுழன்று நிலையத்தையே அதிரவைக்கும். காற்றாலையும் சோலாரும் பெருகிய தமிழ்நாட்டில் அவற்றின் ஏற்ற இறக்கத்தை ஈடுகட்ட டர்பைனும் சுமையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சுழலைப் பிடிக்க நொடிக்கு நொடி மாறும் கணக்கு தேவை, செலவும் பல மடங்கு. அதனால் பெரிய எந்திரங்களுக்கு இன்றும் ஒரு சிறிய மாதிரி ரன்னரைச் செய்து, ஆய்வகத்தில் தண்ணீர் விட்டு அளந்த பிறகே உற்பத்திக்குப் போகிறார்கள்.