கிரிப்டோகரன்சி: மறைந்திருப்பது எது?

ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் மாமா போன வாரம் கேட்டார்: "ஏனுங் மாப்ள, கண்ணுல பாக்க முடியாத காசுக்கு ஆருங்க பொறுப்பு?"

அவர் கேட்டது கிரிப்டோகரன்சியைப் பற்றி. சரி, சொல்லிலிருந்தே தொடங்கலாம். கிரேக்கத்தில் 'கிரிப்டோஸ்' என்றால் மறைவானது. 'கரன்சி'க்கு வேர் இலத்தீனில் ஓடுதலைக் குறிக்கும் வினை. பணம் கைமாறி ஓடுவதுதானே. இரண்டையும் ஒட்டி 'மறைநாணயம்' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒளித்து வைத்த கறுப்புப் பணம் மாதிரிப் படுகிறது. கிரிப்டோகரன்சிகளில் ஒன்றான பிட்காயினின் கணக்கோ ஊரறிந்தது. மண்டியில் பேரேடு கணக்குப்பிள்ளையிடம் மட்டும் இருக்கும். இங்கே அதே பேரேட்டின் நகல் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் கிடக்கிறது. எந்த முகவரியிலிருந்து எதற்கு எவ்வளவு போனது என்று யாரும் பார்க்கலாம். ஆளின் பெயர்தான் இராது. ரகசியம் எல்லாம் பணம் அனுப்பக் கையெழுத்துப் போடும் சாவியில் இருக்கிறது. சாவி என்பது சொந்தக்காரர் மட்டும் வைத்திருக்கும் ரகசிய எண். அந்தக் கையெழுத்துக்குப் பின்னுள்ள கணிதம் குறியாக்கவியல். ஆகவே 'குறியாக்க நாணயம்' பரவாயில்லை.

ஆனால் 'நாணயம்' உறுத்துகிறது. தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் அது ஒரே சொல். "நாணயமான ஆளுங்க" என்றால் நம்பிக் கடன் கொடுக்கலாம். வெள்ளலூரிலும் கரூரிலும் கிடைத்த ரோமானியக் காசுகளில் பேரரசரின் தலை இருக்கிறது. மாமாவின் கேள்விக்கு முகத்தோடு பதில். 2008-இல் பிட்காயின் திட்டத்தை வெளியிட்ட சதோஷி நகமோட்டோ யாரென்றே இன்னும் உறுதியாகவில்லை. 2.1 கோடிக்கு மேல் பிட்காயின் வராது என்ற விதியையும் மென்பொருள்தான் காக்கிறது. நம் அரசும் இதை நாணயம் என்று ஏற்கவில்லை. 2022-இல் வந்த வரி விதியில் இதன் பெயர் 'மெய்நிகர் எண்மச் சொத்து'. லாபத்துக்கு 30 விழுக்காடு வரி. அதனால் என் ஓட்டு 'குறியாக்கக் காசு'க்கு.

அப்புறம், போனில் யுபிஐ வழியாக அனுப்புவது கிரிப்டோ அல்ல, அது வங்கியில் கிடக்கும் நம் ரூபாய். ரிசர்வ் வங்கியின் மின் ரூபாயையும் இதோடு சேர்க்கக் கூடாது. அதற்குப் பொறுப்பு ரிசர்வ் வங்கி.

பேச்சில் வெறும் 'கிரிப்டோ'தான். அதன் பின்னால் வரும் வினையைக் கவனியுங்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரர் "கிரிப்டோவுல கொஞ்சம் போட்டிருக்கேனுங்க" என்பார், சீட்டில் போடுவது போல. அதைக் கொடுத்து நூல் வாங்கினேன் என்று ஒருவர் சொல்லியும் நான் கேட்டதில்லை.