வங்கி எழுதினால் பணம், நாம் எழுதினால் பாக்கி

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே ஏலம் சூடுபிடித்துவிடும். கூடை எடுக்கும் பெண்கள் எல்லோரும் அங்கேயே நோட்டை எண்ணி வைத்துவிடுவதில்லை. பழகிய முகமென்றால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயரும் தொகையும் ஏறும். மீன் தண்டையார்பேட்டைக்கோ வியாசர்பாடிக்கோ போய் விற்றுத் தீர்ந்தபின் பாக்கி அடையும். ஒரு ரூபாய்கூட நகராமல் மீன் கை மாறிவிட்டது. அந்த ஒரு வரிக் கணக்குதான் அங்கே பணத்தின் வேலையைப் பார்த்தது.

இதைச் சொன்னால் பலருக்கு ஒப்பாது. பள்ளியில் படித்தது வேறு: முதலில் பண்டமாற்று, அப்புறம் நாணயம், கடைசியில்தான் கடன். ஆனால் பண்டமாற்றை மட்டுமே நம்பி நடந்த ஒரு பொருளாதாரத்தை யாரும் நேரில் கண்டு எழுதியதில்லை என்று மானுடவியலாளர் கரோலின் ஹம்ஃப்ரி 1985இலேயே சொல்லிவிட்டார். மெசொப்பொத்தேமியாவின் களிமண் பலகைகளில் யார் யாருக்கு எவ்வளவு பார்லி, எவ்வளவு வெள்ளி தரவேண்டும் என்ற கணக்குகள் இருக்கின்றன. இன்றைய துருக்கியில் இருந்த லிடியா நாட்டில் நாணயம் அச்சானது ஏறக்குறைய கி.மு. 7ஆம் நூற்றாண்டில். கணக்கு அதைவிட ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மூத்தது.

சட்டைப்பையில் இருக்கும் 100 ரூபாய் நோட்டும் இதே வகைதான். வைத்திருப்பவருக்கு நூறு ரூபாய் தருவதாக ரிசர்வ் வங்கி ஆளுநர் அதில் கையெழுத்துப் போட்டு வாக்குக் கொடுக்கிறார். சரி, ராஜாஜி சாலையில் இருக்கும் ரிசர்வ் வங்கிக்கே போய் அந்த நூறைக் கேட்டால்? இன்னொரு நூறு ரூபாய் நோட்டு கிடைக்கும், இல்லையென்றால் சில்லறை கிடைக்கும். தங்கம் வராது. (ஒரு ரூபாய் நோட்டில் இந்த வாக்குறுதியே இல்லை. அதை வெளியிடுவது மத்திய அரசு. கையெழுத்து நிதித்துறைச் செயலாளருடையது.) ஆனாலும் அந்த நூறு ரூபாய் நோட்டைச் சட்டம் செல்லும் என்கிறது, அரசு வரிக்கு வாங்கிக்கொள்கிறது, அதனால் கடைக்காரரும் வாங்குகிறார். அவ்வளவு போதும்.

உலோகத்துக்கே மதிப்பு இருந்த காலத்தையும் வடசென்னை பார்த்திருக்கிறது. தங்கசாலைத் தெருவின் பெயரே அங்கிருந்த நாணயச்சாலையால் வந்ததுதான். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். வராகன் தங்கம், பணம் வெள்ளி, காசு செம்பு. மூன்று உலோகத்தின் விலையும் தனித்தனியே ஏறி இறங்கும் என்பதால் இந்த விகிதம் கடைத்தெருவில் நிலையாக நின்றதில்லை. அந்த இடைவெளியில் பிழைத்தவர்கள் நாணயம் மாற்றித் தந்த சராப்புகள்.

இன்றைய பணத்தில் பெரும்பகுதி நோட்டுகூட இல்லை. 2024 மார்ச்சில் நாட்டில் புழங்கிய நோட்டும் நாணயமும் சுமார் 35 லட்சம் கோடி ரூபாய். வங்கிகளில் இருந்த வைப்புத் தொகையோ 200 லட்சம் கோடிக்கும் மேல். இந்த இரண்டாவது வகைப் பணம் எங்கிருந்து வந்தது?

தண்டையார்பேட்டையில் இட்லிக் கடை போட ஒருவருக்கு வங்கி 50,000 ரூபாய் கடன் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வேறு யாரோ போட்டுவைத்த பணத்தை எடுத்து இவருக்குக் கொடுக்கிறார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். நடப்பது அதுவல்ல. வங்கி இரண்டு வரி எழுதுகிறது. ஒன்று, இவர் வங்கிக்கு 50,000 தரவேண்டும். இன்னொன்று, இவர் கணக்கில் 50,000 இருப்பு, அதாவது வங்கி இவருக்குத் தரவேண்டியது. வேறு எவர் கணக்கிலும் ஒரு பைசா குறையவில்லை. ஊரில் 50,000 ரூபாய் புதிதாகப் பிறந்துவிட்டது. அசலை அவர் கட்டக் கட்ட அதே பணம் கொஞ்சம் கொஞ்சமாக மறையும்.

அப்படியென்றால் வங்கி இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டே போகலாமா? முடியாது. கடன் வாங்கியவர் அந்தப் பணத்தை வேறு வங்கியில் கணக்குள்ள மளிகைக் கடைக்கு அனுப்பினால், ரிசர்வ் வங்கியில் தனக்கிருக்கும் கையிருப்பிலிருந்து இவருடைய வங்கி அதைத் தீர்த்தாக வேண்டும். சொந்த மூலதனம் இத்தனை சதவீதம் இருக்கவேண்டும் என்ற விதி உண்டு. வாராக் கடன் அந்த மூலதனத்தைத்தான் தின்னும்.

இப்போது தண்டலுக்கு, அதாவது தினமும் வாசலுக்கே வந்து தவணை வசூலிக்கும் வட்டிக் கடனுக்கு, வருவோம். சாயங்காலம் பைக் வந்து நிற்கும். "அக்கா, அட்டை குடுங்க." நூறு ரூபாயை வாங்கி, அட்டையில் அன்றைய கட்டத்தில் கையெழுத்து. பத்தாயிரம் ரூபாய்த் தண்டல் என்றால் கைக்கு வருவது 9,000. தினம் 100 வீதம் நூறு நாள் கட்டவேண்டும். ஆயிரம்தானே வட்டி, பத்து சதவீதம் என்று தோன்றும். ஆனால் 9,000 ரூபாயும் நூறு நாளும் அவர் கையில் இருப்பதில்லை. மறுநாளே திரும்பிப் போகத் தொடங்கிவிடுகிறது. சராசரியாகப் பார்த்தால் பாதித் தொகைதான் அவர் கையில் இருக்கிறது, அதற்குத்தான் அந்த ஆயிரம் வட்டி. அதுவும் மூன்றேகால் மாதத்துக்கு. ஆண்டுக்கணக்கில் மாற்றினால் கிட்டத்தட்ட 78 சதவீதம். முதலிலேயே 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுத்தால் 120 சதவீதத்தைத் தாண்டும்.

தண்டல்காரரின் பேராசை மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு இரண்டு வரி எழுதிப் பணத்தை உண்டாக்கும் உரிமம் கிடையாது. ஏற்கனவே இருக்கும் நோட்டைத்தான் தரமுடியும். பல நேரம் அதுவும் இன்னொருவரிடம் வட்டிக்கு வாங்கியது. தெருத்தெருவாகப் போய் வசூலிக்கும் செலவும் அவர் தலையில்தான். வாங்குபவரின் பக்கமோ, கையெழுத்து உண்டு, நேர்மை உண்டு. ஆனால் அவருடைய வாக்கு அந்தத் தெருவைத் தாண்டிச் செல்லாது. வங்கியின் வாக்கு தூத்துக்குடியிலும் செல்லும். வட்டியில் தெரியும் வித்தியாசத்தில் பெரும்பங்கு இதுதான். நடைபாதை வியாபாரிகளுக்கு ஈடில்லாக் கடன் தரும் ஸ்வநிதி திட்டம் 2020இல் வந்தபின்னும் தண்டல் போகவில்லை. தினம் வருமானம், தினம் தவணை, வீட்டு வாசலில் ரொக்கம் என்ற வசதிக்கு இன்னும் ஈடு கிடைக்கவில்லை.

வங்கியின் வாக்கும் என்றென்றைக்கும் செல்லும் என்று சொல்லமுடியாது. 1906 அக்டோபரில் மதராஸின் பெரிய வெள்ளைக்கார நிறுவனமான அர்பத்நாட் கம்பெனி திவாலானது. சேமிப்பைப் போட்டிருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்த அடியிலிருந்துதான் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. இப்போது ஒரு வங்கி கவிழ்ந்தால் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புத் தொகைக்குக் காப்பீடு உண்டு.

இட்லிக் கடையிலும் இன்று க்யூஆர் அட்டை தொங்குகிறது. அந்த வரவுகளைப் பார்த்தே கடன் தர சில செயலிகள் வந்துவிட்டன. தவணையையும் அன்றாட வரவிலிருந்தே பிடித்துக்கொள்கின்றன. தண்டல்காரரின் பைக் மட்டும்தான் இல்லை. ஒரு வித்தியாசம் உண்டு. 2024 அக்டோபர் முதல் வங்கியோ நிதி நிறுவனமோ சில்லறைக் கடனுக்கும் சிறுதொழில் கடனுக்கும் எல்லாக் கட்டணமும் சேர்த்து ஆண்டு வட்டி எத்தனை சதவீதம் என்பதை ஒரு தாளில் எழுதித் தந்தாகவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. செயலியில் 'சரி' என்று அழுத்தும் முன் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். தண்டல் அட்டையில் அது இருக்காது. மேலே போட்ட கணக்கை நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.