படகு வராத நாளில் என்ன சாப்பிட்டீர்கள்?

தீவுகளில் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தையோடு வரும் தாய்மார்களையும் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான். கடல் கொந்தளித்துப் போக்குவரத்து நின்றால் காய்கறியும் பழமும் முதலில் தீரும். வீட்டில் மிஞ்சுவது அரிசி, மாவு, சர்க்கரை, பிஸ்கட். கெடாமல் கிடக்கும் சரக்குதானே படகில் அதிகம் வருகிறது? வயிறு நிறையும், ரத்தம் ஊறாது.

சுற்றிலும் கடல் இருக்க மீனுக்கா பஞ்சம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நல்ல மீன் விற்பனைக்குப் போய்விடுகிறது. மிச்சத்தை எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் தாயின் தட்டுக்கு வருவது பல வீடுகளில் வெறும் குழம்புதான். விலைபோகாத பொடிமீனை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. எனக்கோ அதுதான் பொக்கிஷம். முள்ளோடு மென்று தின்றால் கால்சியம் கிடைக்கும். சுறா, வாள்மீன் போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், கர்ப்பிணிகள் அவற்றைத் தவிர்க்க வேண்டும். பொடிமீனில் அந்தக் கவலை மிகக் குறைவு. அப்புறம், இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள். டீ அந்தச் சத்தை உடலில் சேரவிடாது.

குழந்தை விஷயத்தில்தான் எனக்கு மனசு கனக்கும். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பதைப் பலரும் சரியாகச் செய்கிறார்கள். பிறகுதான் சறுக்குகிறார்கள். பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்து இருப்பு அந்த வயதில் தீர்ந்துவருகிறது, தாய்ப்பாலில் இருப்பது போதாது. ஆனால் முள் தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயத்தில் கஞ்சித் தண்ணீரும் டீயில் நனைத்த பிஸ்கட்டும் கொடுக்கிறார்கள். பயம் நியாயமானதுதான். அதற்காக மீனையே நிறுத்த வேண்டாம். சதைப்பிடிப்பான மீனை உப்பில்லாமல் வேகவையுங்கள், விரலால் இரண்டு முறை தடவித் தடவி முள் எடுங்கள், குழைந்த சோற்றோடு பிசையுங்கள். கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத பதத்தில் இருக்கட்டும். 8 மாதம் வரை ஒரு நாளைக்கு 2, 3 முறை, 9 மாதம் முதல் 3, 4 முறை ஊட்டுங்கள். தாய்ப்பாலை 2 வயது வரையாவது தொடருங்கள். கருவாடு கைக்குழந்தைக்கு வேண்டாம், உப்பு அதிகம்.

பசிபிக் கடலில் இருக்கும் மைக்ரோனேசியா நாட்டின் போன்பே தீவில் 'கராத்' என்றொரு வாழை உண்டு. சதை ஆரஞ்சு நிறம், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் நிறைந்தது. தாய்மார்கள் குழந்தைகளுக்கு அதைத்தான் முதல் உணவாக ஊட்டிவந்தார்கள். இறக்குமதி அரிசி பழகியதும் அது ஓரங்கட்டப்பட்டது. குழந்தைகளிடம் வைட்டமின் ஏ குறைபாடு பெருகிய பிறகுதான் ஆய்வாளர்கள் அந்தப் பழத்தைச் சோதித்து, மறுபடியும் ஊட்டச் சொன்னார்கள்.

அதனால் இப்போதெல்லாம் கூட வரும் பாட்டியையும் உட்காரவைக்கிறேன். "அம்மா, அரிசி மூட்டையும் பிஸ்கட்டும் இத்தனை வராத காலத்தில் உங்கள் பிள்ளைக்கு முதலில் என்ன ஊட்டினீர்கள்?" என்று கேட்கிறேன். அவர் சொல்லச் சொல்ல, மடியில் குழந்தையோடு மருமகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.