டிஃபோசோ: காய்ச்சலில் பிறந்த சொல்

கால்பந்து ரசிகருக்கு இத்தாலியர் வைத்திருக்கும் பெயர் 'டிஃபோசோ', பன்மையில் 'டிஃபோசி'. கார் பந்தயம் பார்ப்பவர்கள் ஃபெராரி ரசிகர் கூட்டத்தை இப்படிச் சொல்லக் கேட்டிருப்பார்கள். வேர்ச்சொல் 'டிஃபோ', அதாவது டைஃபஸ் காய்ச்சல். இந்த நோய்ப் பெயருக்கும் மூலம், புகையைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல். காய்ச்சல் முற்றினால் புத்தியைப் புகை மூடும், ஆள் பிதற்றுவார். மைதானத்துப் படிக்கட்டில் தொண்டை கிழியக் கத்துகிறவரைப் பார்த்து யாரோ கிண்டலாகச் சொன்னது, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அப்படியே நிலைத்துவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்?

'விசிறி' வேண்டாம். ஆங்கிலத்து 'ஃபேன்' கோயிலைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழியில் வந்தது. நாம் அதைப் பனையோலை விசிறியாக்கிவிட்டோம். 'பித்தர்' அழகாகப் பொருந்தும். பித்தம் தலைக்கேறியவர், அதுவும் உடல்நோய்தான். ஆனால் நாளிதழில் 'பித்தர்கள் திரண்டனர்' என்று போட்டால் சண்டைக்கு வருவார்கள். 'ரசிகர்' எல்லோருக்கும் தெரிந்த சொல், ஆனால் அதன் வேர் ரசம், அதாவது சுவை. சுவைக்கிறவர், சுவை கெட்டால் இலையை மூடிவிட்டு எழுந்து போகலாம்.

டிஃபோசோ எழுந்து போவதில்லை. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துக் கால்பந்து கிளப்பான நாப்போலியைப் பாருங்கள். மரடோனா காலத்தில், 1987லும் 1990லும், லீக் கோப்பை வென்ற கிளப். 2004ல் திவாலாகி மூன்றாம் டிவிஷனுக்குப் போனது. அங்கேயும் ஒருமுறை ஒரே ஆட்டத்துக்கு 50,000 பேருக்கு மேல் வந்தார்கள். முதல் டிவிஷனுக்குத் திரும்ப 2007 ஆனது. அடுத்த லீக் கோப்பை 2023ல், 33 வருடம் கழித்து. 1990ல் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த பையனுக்கு அதற்குள் தலை நரைத்திருக்கும்.

இவர்களுக்கு என் தேர்வு 'பற்றாளர்'. பற்று என்றால் பிடிப்பு. நெருப்பு பற்றுவதும் இதே வினைதான். சட்டியில் காய்ந்து ஒட்டியிருக்கும் சோற்றுக்கும் பற்று என்றே பெயர். 'பத்துப் பாத்திரம்' என்கிறோமே, அது எண்ணிக்கை இல்லை, பற்றுப் பாத்திரம். தேய்த்தாலும் லேசில் போகாது. 'நாப்போலி ரசிகர்' என்றால் இந்த வருடம் ஜெயிப்பதால் பார்க்கிறவராகவும் இருக்கலாம். 'நாப்போலிப் பற்றாளர்' என்றால் மூன்றாம் டிவிஷனிலும் டிக்கெட் வாங்கியவர்.

ஒரு சிக்கல் உண்டு. பற்றை அறுக்கச் சொல்லியே நமக்குப் பழக்கம். செத்தால் தானாக அறும் என்றும் நம்புகிறோம். 1987ல் முதல் கோப்பை வந்தபோது நாப்போலிக்காரர்கள் கல்லறைத் தோட்டத்துச் சுவரில் எழுதி வைத்தார்கள்: 'எதைத் தவறவிட்டீர்கள் என்று உங்களுக்குத் தெரியாது.'