ஊட்டிக் குளிரில் பின்தங்கும் கடிகாரம்

டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது ஊட்டிக்காரர்களுக்குக் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகுமா என்பதுதான் கவலை. கணினிக் கடிகாரத்தைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. ஆனால் குளிர் அதையும் விடுவதில்லை.

கணினியை அணைத்த பிறகும் நேரத்தைக் காப்பது மதர்போர்டில் பட்டன் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன குவார்ட்ஸ் படிகம். விநாடிக்கு 32,768 முறை அதிரும்படி அதை வெட்டியிருப்பார்கள். அந்தக் கணக்கு 25 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் சரியாக இருக்கும். வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் அதிர்வு மந்தமாகும். எவ்வளவு மந்தம் என்றால், 25-லிருந்து எத்தனை டிகிரி விலகியதோ அதன் வர்க்கத்தை 0.034-ஆல் பெருக்க வேண்டும். பத்து லட்சத்தில் அத்தனை பங்கு. அறை 5 டிகிரிக்கு இறங்கினால் 400 பெருக்கல் 0.034, அதாவது 13.6. ஒரு நாள் முழுக்க அப்படியே இருந்தால் 1 விநாடிக்கு மேல் பின்தங்கும். கோவையில் 35 டிகிரி வெயிலில் இதே படிகம் ஒரு நாளில் இழப்பது 0.3 விநாடிதான்.

ஒரு விநாடியில் என்ன வந்துவிடப் போகிறது? ஒரு நாளில் ஒன்றுமில்லை. யாரும் திருத்தாமல் விட்டால் மாதக் கணக்கில் நிமிடங்களாகச் சேரும். குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை இலை எடை போடும் கணினி, வருகைப் பதிவு இயந்திரம், கேமரா பதிவுப் பெட்டி, அலுவலகக் கணினி என்று ஆளுக்கொரு நேரம் காட்டினால், எந்த லோடு முதலில் வந்தது என்ற தகராறில் கேமராவைப் பார்த்தும் பயனில்லை.

இதற்குத்தான் என்டிபி (நெட்வொர்க் டைம் புரோட்டோகால்) என்ற நெறிமுறை, கணினிகள் வலையில் மணி கேட்டுச் சரிசெய்துகொள்ளும் முறை. பின்னாளில் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் மில்ஸ் 1985-இல் இதற்கு முதல் வடிவம் கொடுத்தார். கணினி ஒரு நேர சர்வரிடம் மணி கேட்கும். கேள்வி கிளம்பிய நேரம், அங்கே போய்ச் சேர்ந்த நேரம், பதில் கிளம்பிய நேரம், இங்கே வந்த நேரம் ஆகிய நான்கையும் வைத்துத் தன் கடிகாரம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்குப் போடும். அந்தக் கணக்கில் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது: போகும் நேரமும் வரும் நேரமும் சமம்.

மலையில் இருப்பவர்களுக்கு இது எங்கே உதைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சீசனில் குன்னூர் வழியாக ஏறச் சொல்லி, கோத்தகிரி வழியாக இறக்கிவிடுவார்கள். மொத்தப் பயண நேரத்தைப் பாதியாக வகுத்து ஏறிய நேரம் இதுதான் என்றால் யார் ஒத்துக்கொள்வார்? கேள்வி போக 80 மில்லி விநாடி, பதில் வர 20 மில்லி விநாடி என்று வையுங்கள். கணினி இரண்டையும் 50, 50 என்று எடுத்துக்கொண்டு 30 மில்லி விநாடி தவறிவிடும். தவறிய பிறகும் விலகல் பூஜ்யம் என்றே காட்டும்.

அதனால் விலகல் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்திப்படுவது வீண் என்பேன். லினக்ஸ் கணினியில் குரோனி என்ற என்டிபி மென்பொருள் ஓடுகிறதென்றால், டெர்மினலில் ‘குரோனிசி சோர்சஸ்’ (chronyc sources) என்ற கட்டளையைக் கொடுங்கள். ஒவ்வொரு நேர சர்வருக்கும் ஒரு வரி வரும். வரியின் கடைசியில் கூட்டல் கழித்தல் குறியோடு ஓர் எண் இருக்கும். பிழை எவ்வளவு வரை போகலாம் என்பதன் எல்லை அது. மேலே சொன்ன உதாரணத்தில் அது 50 மில்லி விநாடிக்குக் குறையாது. விலகலைவிட அதுதான் நேர்மையான எண். வரித் தொடக்கத்தில் நட்சத்திரம் இருந்தால் கணினி இப்போது பின்பற்றுவது அந்த சர்வரை. கேள்விக்குறி என்றால் அதை இப்போதைக்கு நம்ப முடியாது. பெருக்கல் குறி போன்ற எழுத்து வந்தால் மற்ற சர்வர்களோடு அது ஒத்துப்போகவில்லை, பொய் மணி சொல்கிறது என்று பொருள். இரண்டே சர்வர் வைத்திருந்தால் யார் பொய் என்று கண்டுபிடிக்க வழியில்லை. மூன்றாவது வேண்டும், நான்கு இருந்தால் நிம்மதி.

எனக்குப் பிடித்தது ‘ரீச்’ என்ற பத்தி. கடைசி எட்டு முறை கேட்டதில் எந்தெந்த முறை பதில் வந்தது என்பதை, வந்தால் 1, வராவிட்டால் 0 என்று எட்டு பிட்டுகளில் வைத்து, 0 முதல் 7 வரை மட்டுமே இலக்கங்கள் உள்ள எட்டடிமான (octal) முறையில் காட்டும். எட்டுக்கு எட்டும் வந்தால் 377. தென்மேற்குப் பருவமழையில் இணைப்பு அறுந்ததும் 376, 374, 370, 360 என்று இறங்கி, எட்டாவது முறையில் பூஜ்யத்துக்கு வந்துவிடும். இணைப்பு திரும்பினால் 1, 3, 7, 17 என்று ஏறத் தொடங்கும். 64 விநாடிக்கு ஒருமுறை கேட்கும் கணினியில் மறுபடி 377-ஐத் தொட எட்டரை நிமிடம் ஆகும். லைன் சற்று முன் போனதா, வந்ததா என்று யாரையும் கேட்க வேண்டாம், இந்த எண்ணே சொல்லிவிடும்.

அடுத்த கட்டளை ‘குரோனிசி டிராக்கிங்’ (chronyc tracking). இதில் ‘ஃப்ரீக்வென்சி’ என்ற வரி, திருத்தாமல் விட்டால் கடிகாரம் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு வேகமாகவோ மெதுவாகவோ ஓடும் என்று காட்டும். ஓடும் கணினி நம்பியிருப்பது வேறு படிகத்தை. அதன் வெட்டும் வேறு, குளிருக்கு இவ்வளவு அசையாது. ஆனாலும் ஹீட்டர் இல்லாத அறையில் விடியற்காலையும் மதியமும் இந்த வரியைக் குறித்துப் பாருங்கள், வெப்பநிலையோடு எண் நகர்வது தெரியும். சரிசெய்யும்போதும் குரோனி பொதுவாக மணியைப் படக்கென்று திருப்பிவிடாது. கடிகாரத்தைக் கொஞ்சம் வேகமாக்கியோ மெதுவாக்கியோ நேர்க்கோட்டுக்குக் கொண்டுவரும். மணி திடீரென்று பின்னால் குதித்தால், ஆள் வேலைக்கு வரும் முன்பே வீட்டுக்குப் போனதாகப் பதிவாகிவிடும் அல்லவா?

இந்த மில்லி விநாடித் துல்லியம் தொழிற்சாலைக்குத் தாராளம். ஊட்டியிலேயே இது கொஞ்சமும் போதாத இடம் ஒன்று உண்டு. கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடத்தில் உணர்கருவிகள் 8 மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. ஒளி அந்தத் தூரத்தை 27 நானோ விநாடியில் கடந்துவிடும். காஸ்மிக் கதிர் காற்றில் மோதும்போது கொட்டும் துகள் மழை வந்த திசையை உணர்கருவிகளில் பட்ட நேர வித்தியாசத்தை வைத்தே கணிக்கிறார்கள். இணையத்தில் மணி கேட்டு அந்த வேலையைச் செய்ய முடியாது.

தொழிற்சாலைக்குத் திரும்பினால், கேமரா பெட்டியிலும் வருகைப் பதிவு இயந்திரத்திலும் டெர்மினலைத் திறந்து கட்டளை கொடுக்க வழியிருக்காது. அலுவலகக் கணினி ஒன்றையே உள்ளூர் நேர சர்வராக்கி, மற்றவை அதனிடம் கேட்கும்படி அமைத்துவிட்டு, அதில் நிர்வாகி அனுமதியோடு ‘குரோனிசி கிளையன்ட்ஸ்’ (chronyc clients) என்று கொடுக்கலாம். யார் யார் மணி கேட்டார்கள், கடைசியாகக் கேட்டு எவ்வளவு நேரமாயிற்று என்ற பட்டியல் வரும். கேமரா பெட்டியின் முகவரி அதில் இல்லையென்றால் அது இன்னும் தன் படிகத்தை நம்பியே ஓடிக்கொண்டிருக்கலாம். முதலில் அதன் செட்டிங்கைத் திறந்து பாருங்கள்.