சொல் விளக்கம்: ரான்சம்வேர் – பணயத் தீநிரல்

சேலம் செவ்வாய்பேட்டை மண்டியின் கணக்கறையில் ஒரு திங்கட்கிழமை காலை டேலி என்ற கணக்கு மென்பொருள் திறக்காது. ஃபைல் பெயர்களுக்குப் பின்னால் புரியாத வால் ஒன்று ஒட்டியிருக்கும். ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு ஒரு குறிப்பு. பார்த்தவர் வாயில் முதலில் வருவது, "சிஸ்டத்துல வைரஸ் ஏறிடுச்சு". கோளாறு அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறது. வைரஸ் என்றதும் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரரைக் கூப்பிடத் தோன்றும். அவர் வந்து ஃபார்மட் போட்டுவிடுவார். மீட்க இருந்த வழியும் போலீசுக்குக் காட்ட வேண்டிய தடயமும் அதோடு அழிந்துபோகும்.

ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் இந்த நிரலின் சரியான பெயர் ரான்சம்வேர். 'ரான்சம்' லத்தீனின் 'ரெடெம்ப்தியோ'விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். பணம் கொடுத்து மீட்பது என்று பொருள். 'வேர்' என்றால் சரக்கு. சாப்ட்வேரில் இருப்பதும் அதுவே.

இந்த வகையில் முதலாவது 1989-இல் வந்தது. ஜோசப் பாப் என்பவர் ஏறக்குறைய 20,000 பிளாப்பிகளைத் தபாலில் அனுப்பினார். பனாமாவில் ஒரு தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னது நிரல். பூட்டவும் திறக்கவும் அதில் ஒரே சாவிதான், எனவே உடைக்க முடிந்தது. இன்றைய நிரல்கள் ஃபைல்களை ஒரு சாவியால் பூட்டி, அந்தச் சாவியை இன்னொரு பூட்டுக்குள் வைக்கின்றன. இரண்டாவது பூட்டின் சாவி உங்கள் கணினிக்கு வருவதே இல்லை.

தமிழில் என்ன சொல்வது? கெடுதல் செய்யும் நிரல்களுக்குப் பொதுப் பெயரான மால்வேருக்குத் 'தீம்பொருள்' என்று ஒரு சொல் புழங்குகிறது. தீம்பால், தீந்தமிழ் என்று இனிமைக்குச் சொல்லிப் பழகிய காதுக்கு அது பலகாரம் போலக் கேட்கிறது! தீவினை, தீநெறி வரிசையில் 'தீநிரல்' பொருத்தம். ரான்சமுக்கு 'மீட்புத்தொகை' சொல்லுக்குச் சொல் சரி. இலங்கைத் தமிழில் 'கப்பம்' என்கிறார்கள்; மிரட்டல் அதில் தெரிகிறது, ஆனால் ஒன்று பிடித்துவைக்கப்பட்டிருப்பது தெரியவில்லை. 'அடகு' ஒட்டாது: கொலுசை அடகு வைப்பவர் தாமே கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

பணயக்கைதியில் உள்ள 'பணயம்'தான் என் தேர்வு. 2019-க்குப் பிறகு இந்தக் கும்பல்கள் பூட்டுவதற்கு முன் தரவைத் தங்களிடம் நகலெடுத்துக்கொள்வதும் பரவலாகிவிட்டது. பணம் தராவிட்டால் வெளியிடுவோம் என்கிறார்கள். பணம் கொடுத்துச் சாவி வாங்கினாலும் நகல் அவர்களிடமே இருக்கும். அதற்கு மீட்பு என்று பெயர் சொல்ல முடியாது.

பணயம் என்று சொன்னால் முடிவெடுக்க வேண்டியவர் யார் என்பதும் தெளிவாகும்: முதலாளி. சர்வீஸ்காரர் தலையில் அதைக் கட்ட முடியாது. லேன் வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். மெஷினை அணைக்க வேண்டாம். நினைவகத்தில் தடயம் இருக்கலாம். குறிப்பைப் போனில் படம் எடுங்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி இட்ட உத்தரவின்படி, நிறுவனங்கள் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். சில வகைப் பூட்டுகளுக்கு 'நோ மோர் ரான்சம்' தளத்தில் இலவசத் திறப்பான்கள் கிடைக்கின்றன. பூட்டிய ஃபைல்களை அழிக்காமல் வைத்திருந்தால்தான் அது பயன்படும்.

உள்ளே நுழைவது பெரும்பாலும் வெகு சாதாரண வழியில். ஆடிட்டர் வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்குத் திறந்து, 'சேலம்123' என்று பாஸ்வேர்டும் வைத்திருப்பார்கள். அந்த வாசலை மூடுங்கள். வேண்டுமென்றால் விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக, ஓடிபியோடு மட்டும் திறங்கள். அடுத்தது பேக்கப். எப்போதும் செருகியே இருக்கும் ஹார்ட்டிஸ்கும் சேர்ந்தே பூட்டப்படும். மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில். ஏற்காட்டில் எஸ்டேட் இருந்தால் அதன் ஆபீஸ் பெட்டியே போதும். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறொரு கணினியில் ஏற்றி, போன மாத ஜவ்வரிசி பில் திறக்கிறதா என்று முதலாளியே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.