100 எம்பிபிஎஸ் பிளான், வருவது 30: யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

வீட்டு இன்டர்நெட் வேகம் குறைந்தால் கம்பெனியைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் வைஃபையில் மொபைலை வைத்து எடுத்த சோதனையோடு போனால் அந்த உரிமை செல்லாது. கம்பெனி பொறுப்பேற்பது ரூட்டர் வரை வரும் லைனுக்குத்தான். ரூட்டரிலிருந்து உள்ளறை வரை போகும் வைஃபை உங்கள் தலையில். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும் உள்ள பழைய ரூட்டரில், இரண்டு சுவர் தாண்டினால் 30, 40 வருவதே பெரிது.

அதனால் முதலில் லேன் வயர் போட்டு லேப்டாப்பில் சோதியுங்கள். வேறு எந்தச் சாதனமும் இணைப்பில் இருக்கக்கூடாது. காலை ஒன்று, மதியம் ஒன்று, இரவு 9 மணிக்கு ஒன்று என்று மூன்று நாள் எடுத்து, தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் வையுங்கள். சோதனைத் தளம் பல சமயம் உங்கள் கம்பெனியின் சொந்த சர்வரையே தேர்ந்தெடுக்கும்; அதில் எண் அழகாகத்தான் வரும். சென்னையிலுள்ள வேறு கம்பெனி சர்வரையும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

எண்ணைப் பார்த்தே பாதி நோய் தெரியும். 200 எம்பிபிஎஸ் பிளானில் எப்போதும் 94 அளவிலேயே நின்றால் லைன் நன்றாக இருக்கிறது, ரூட்டரின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகை. போர்ட் கிகாபிட்டாகவே (1,000 எம்பிபிஎஸ்) இருந்தாலும், வயருக்குள் உள்ள எட்டுக் கம்பியில் ஒன்று அறுந்தால் இதே 94-க்கு இறங்கிவிடலாம். பகலில் முழு வேகம், இரவு 8 முதல் 11 வரை படுத்துக்கொள்கிறது என்றால் நெரிசல். ஜிபான் எனப்படும் பொதுவான வகை ஃபைபர் லைன் ஒன்றில் வரும் சுமார் 2,488 எம்பிபிஎஸ்ஸை ஸ்பிளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். 64 பேரும் ஒரே நேரத்தில் இழுத்தால் ஆளுக்கு 39 கூடத் தேறாது. பங்கிட்டுத் தருவதில் தவறில்லை. 2009-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் தந்த வழிகாட்டலே வீட்டு இணைப்புக்கு 1:50 வரை, அதாவது ஒருவர் வேகத்தை 50 பேர் பங்கிடும் வரை, அனுமதித்தது. மாதக் கடைசியில் மட்டும் வேகம் விழுந்தால் டேட்டா வரம்பு முடிந்திருக்கும். ‘அன்லிமிடெட்’ பிளான்கள் பலவற்றில் 3,300 ஜிபி என்று ஒரு வரம்பு பொடி எழுத்தில் இருக்கிறது. வரம்பு எவ்வளவு, அதற்குப் பின் வேகம் எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்வதும், 50, 90 சதவீதம் தொடும்போது தகவல் அனுப்புவதும் 2016 முதல் கம்பெனியின் கடமை. டவுன்லோடில் நொடிக்கு 12 எம்பி காட்டுகிறது என்று சண்டைக்குப் போக வேண்டாம். 100 எம்பிபிஎஸ் என்பது அதுதான்; எம்பிபிஎஸ் மெகாபிட் கணக்கு, டவுன்லோடில் காட்டுவது மெகாபைட், எட்டால் வகுக்க வேண்டும்.

நாள் முழுக்க ஏறி இறங்கினால் கம்பி வேலை. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத் தோட்டத்து வீடுகளுக்கு ஃபைபர் கம்பத்துக்குக் கம்பம் தொங்கிக்கொண்டே போகிறது. தென்னை மட்டை விழும், அணில் கடிக்கும், ஒட்டுப்போட்ட இடத்தில் மழைத் தண்ணீர் இறங்கும். லைன்மேன் வந்தால், ஃபைபரில் வரும் ஒளியின் பலத்தை டிபிஎம் அளவில் காட்டும் பவர் மீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம்முக்குள் இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐத் தாண்டினால் அவரே ஒத்துக்கொள்வார். அந்த டிஸ்பிளேயை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இனி விதி. பிராட்பேண்ட் என்று பெயர் வைத்து விற்க குறைந்தது 2 எம்பிபிஎஸ் டவுன்லோட் வேண்டும் என்பது 2023 முதல் உள்ள வரையறை. அது தரை மட்டம்தான், உங்கள் பிளானின் வேகம் அல்ல. 2006 தரவிதி, கம்பெனியின் நோடிலிருந்து (இணைப்பு மையத்திலிருந்து) வீடு வரை, வாங்கிய வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கச் சொன்னது. அதற்குப் பதிலாக வந்த புதிய ட்ராய் தரவிதி 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி பணம் கட்டிய 7 நாளில் இணைப்பு தர வேண்டும். பழுது 3 நாளுக்கு மேல் நீடித்தால் போஸ்ட்பெய்டில் வாடகைக் கழிவு, ப்ரீபெய்டில் வேலிடிட்டி நீட்டிப்பு. புயல், வெள்ளம் போன்றவற்றுக்கு இது பொருந்தாது.

கஸ்டமர் கேரில் “நெட் ஸ்லோவா இருக்குதுங்க” என்று மட்டும் சொன்னால், “ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்று முடித்துவிடுவார்கள். “100 பிளான், லேன் வயரில் மூன்று நாளாக 28 தான் வருது, புகாராகப் பதிவு செய்து டாக்கெட் நம்பர் கொடுங்க” என்று கேளுங்கள். அந்தப் புகார் எண் இல்லாத போன் கால் கணக்கிலேயே வராது. லைன்மேனுக்கு வாட்ஸ்அப் அனுப்பியதும் புகார் ஆகாது.

புகாரைத் தீர்க்க வேண்டிய கெடு தாண்டியும் சரியாகவில்லை என்றாலோ, தீர்வு திருப்தி இல்லை என்றாலோ, 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். முகவரி கம்பெனி இணையதளத்தில் கீழே எங்காவது ஒளிந்திருக்கும். ட்ராய் தனி ஆள் புகாரை விசாரிப்பதில்லை. நேராக அங்கே எழுதி நாளைக் கடத்த வேண்டாம். இரண்டு படியும் முடிந்த பின் தொலைத்தொடர்புத் துறையின் 1063 எண்ணில் அழைக்கலாம், மத்திய அரசின் பொதுக் குறைதீர் இணையதளத்திலும் பதியலாம்.

ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் பலருக்கு நெட் தருவது ஊர்க் கேபிள்காரர். அவர் பெரும்பாலும் லைசென்ஸ் உள்ள ஒரு கம்பெனியின் ஏஜென்ட். மாதாமாதம் அவர் நம்பருக்கு ஜிபே செய்துவிட்டு ரசீது வாங்காமல் இருந்தால், யார் மேல் புகார் எழுதுவது என்பதே சிக்கலாகிவிடும். லைசென்ஸ் கம்பெனி பெயர், வாடிக்கையாளர் எண், பிளான் வேகம் மூன்றும் உள்ள பில் கேளுங்கள்.

கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். டெலிகாம் சேவைக் குறைக்கு அங்கே வழக்குப் போடலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கம்பெனி மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனில் இ-ஜாக்ரிதி தளத்தில் தாக்கல் செய்யலாம். குறை எழுந்த 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பில், ஸ்கிரீன்ஷாட், டாக்கெட் நம்பர், மேல்முறையீட்டுப் பதில், மீட்டர் போட்டோ ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்கி இணையுங்கள். அதற்கு முன் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் ஒருமுறை பதிந்து பார்க்கலாம்.